பச்சைக் கோடும் ஜெபாவின் ஆல்ட்டோவும்

மார்ச் 9, திங்கள்

வெயில் இப்போதே மண்டையைப் பிளக்கிறது. பத்து மணிக்கெல்லாம் லேப்டாப் சூடாகி அதன் விசிறி கத்த ஆரம்பித்தது. கீழே தறி கத்துகிறது, மேலே இது.

புது வேலை. சென்னை ஆபீஸ் பிடித்த வெளிநாட்டு கிளையண்ட். அகாப்பெல்லா பாடுகிறவர்கள் வீட்டிலிருந்தபடி பயிற்சி எடுக்க ஓர் இணையதளம். வாத்தியமே இல்லாமல், குரல்களை மட்டும் நாலு பங்காகப் பிரித்துக்கொண்டு சேர்ந்து பாடுவதுதான் அகாப்பெல்லாவாம். இன்று காலைதான் தெரிந்துகொண்டேன். மீட்டிங்கில் ரொம்ப நாளாகத் தெரிந்த மாதிரி தலையாட்டினேன்.

திரைகளை வடிவமைப்பதும், அதை நிஜ ஆட்களிடம் கொடுத்துச் சோதித்துப் பார்ப்பதும் என் பொறுப்பு. மேனேஜர் விவேக், என்னைவிட வயது கம்மி, உற்சாகம் மட்டும் நாலு மடங்கு.

"சென்னைல டெஸ்ட் பண்ண ஆள் கிடைக்கல கோமதி. உங்க ஊர்ல இந்த மாதிரி பாடுறவங்க யாராச்சும் இருப்பாங்களா?"

சங்கரன்கோவிலில் பிரியாணி சாப்பிடுகிறவர்கள் வேண்டும் என்றால் தெரு முழுக்க வரிசை கட்டி நிறுத்தியிருப்பேன். இதற்கு எங்கே போக?

மத்தியானச் சாப்பாட்டுக்கு மேலே வந்தவரிடம் புலம்பினேன். என் வீட்டுக்காரர், கீழே நாலு தறியை வைத்துக்கொண்டு மல்லாடுகிறவர், ரசத்தை ஊற்றிக்கொண்டே சொன்னார்: "ஒன் பிரண்டு ஜெபா சர்ச்சுல பாடுதால்லா. அவகிட்டக் கேளு."

மூன்று மணி நேரமாக நான் இணையத்தில் தேடிய விடை. அவரிடம் அப்படிச் சொல்லவில்லை, தலையில் ஏறிவிடும்.

மார்ச் 10, செவ்வாய்

ஜெபாவைப் பார்க்கப் போனேன். அடுத்த தெருதான். ஆறாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்ச். இப்போது புளியங்குடியில் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். நைட் டூட்டி முடிந்து வந்து தூங்காமல் துணி அலசிக்கொண்டிருந்தாள். நானும் உட்கார்ந்து பிழிந்து கொடுத்தேன்.

அவர்கள் சர்ச் வழக்கம் எனக்கு இத்தனை வருடமாகத் தெரியாது. குருத்தோலை ஞாயிறு ஆராதனை முடிந்ததும் கீபோர்டுக்கு உறை போட்டுவிடுவார்களாம். ஈஸ்டர் விடியற்காலையில்தான் மறுபடி திறப்பது. நடுவில் பெரிய வெள்ளிக்கிழமை, மும்மணி ஆராதனை. பகல் பன்னிரண்டிலிருந்து மூன்று வரை. அதில் கொயர், அதாவது சர்ச் பாடகர் குழு, வாத்தியம் இல்லாமல் ஒரு பாட்டு பாடும். ஆறு சரணம், நாலு குரல். சொப்ரானோ, ஆல்ட்டோ பெண்களின் மேல்குரலும் கீழ்க்குரலும். டெனர், பாஸ் அதே மாதிரி ஆண்களுக்கு. ஜெபா ஆல்ட்டோ.

நான் துள்ளிக் குதிக்காத குறை. "இதைத்தான்ட்டி நான் தேடுதேன்!"

அவள் முகத்தில் சந்தோஷம் இல்லை. "நான் இந்த வருசம் நிக்கேனோ என்னமோ. டூட்டி மாத்தி மாத்திப் போடுதாவ, பிராக்டிசுக்குப் போவவே முடியல. வராத ஆளு பெரிய வெள்ளிக்கு நிக்கக் கூடாதுன்னு கொயர் மாஸ்டர் அண்ணாச்சி கண்டிசனா சொல்லிட்டாவ."

"ஒரு வருசம் நிக்காட்டா என்னட்டி?" என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

துணியை உதறிக்கொண்டே சொன்னாள்: "ஆஸ்பத்திரில சிஸ்டர். வீட்டுல அம்மா. மாமியாருக்கு மருமவ. எங்கன போனாலும் யாராவது கூப்பிட்டுக்கிட்டே இருக்காவ. அங்கன நின்னு பாடும்போதுதான் நான் சும்மா ஆல்ட்டோ. யாரும் கூப்பிட மாட்டாவ. எனக்குன்னு அது ஒண்ணுதான்ட்டி இருக்கு."

என் தளத்தில் படித்தால் பிராக்டிஸ் போகாமலே பாடம் ஆகிவிடும் என்று வாக்குக் கொடுத்துவிட்டு வந்தேன். தளம் இன்னும் பாதிகூட முடியவில்லை.

மார்ச் 12, வியாழன்

எபனேசர் அண்ணாச்சி கடை. எலக்ட்ரிக்கல் சாமான். கொயர் மாஸ்டர் இவர்தான். நாற்பத்தைந்து இருக்கும். வாடிக்கையாளரிடம் ஒயர் அளக்கும்போதுகூடத் தாளம் போடுகிறார். விஷயத்தைச் சொன்னேன். பாட்டின் நோட்டைக் கொடுத்தார். டோ, ரே, மி என்று எழுத்தால் எழுதியது. பிளாஸ்டிக் உறைக்குள் பத்திரமாக.

ஜெபா பற்றியும் பேசினேன். அவர் கெட்டவர் இல்லை, நியாயம் பேசுகிறவர். அது இன்னும் கஷ்டம்.

"நல்லா பாடுத புள்ளதாம்மா. நான் இல்லங்கலையே. ஆனா ஒராளுக்கு ஒரு சட்டம் வைக்க முடியுமா? நீங்களே சொல்லுங்க."

கடைசியில் இறங்கி வந்தார். 21-ஆம் தேதி சனிக்கிழமை பிராக்டிசுக்கு வரட்டும், அன்றைக்குச் சரியாகப் பாடினால் நிற்கட்டும், இல்லாவிட்டால் பெஞ்சில் உட்கார்ந்து கேட்கட்டும்.

அந்த நோட்டை வைத்து நாலு குரலையும் கம்ப்யூட்டரில் தயார் செய்தேன். வார்த்தை கிடையாது, "ஆ... ஆ..." மட்டும். ஆள் பாடுவது போலவே இருக்கிறது, மூச்சு மட்டும் வாங்காது. ஆறு சரணத்தையும் களைக்காமல் பாடுகிறது.

தளம் இப்போது இப்படி: நாலு குரலுக்கு நாலு பட்டை. எதை வேண்டுமானாலும் அமர்த்திச் சத்தமில்லாமல் ஆக்கலாம். நாம் பாடினால் மைக் கேட்கும். சுருதி சரியாக இருந்தால் பச்சைக் கோடு, விலகினால் சிவப்பு. முடிவில் நூற்றுக்கு மார்க்.

சோதித்துப் பார்க்க மைக்கைத் திறந்தேன். நான் வாயே திறக்கவில்லை, பச்சைக் கோடு ஓடுகிறது. கீழே தறி மோட்டாரின் ரீங்காரம் ஆல்ட்டோ சுருதியில் இருக்கிறது. நாற்பத்தொரு மார்க் வாங்கியது. அவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். "எம் பிள்ளைக்கு ஒரு சர்ட்டிபிகேட்டு அடிச்சுக் குடு" என்று சொல்லிவிட்டுப் போனார். மைக் கூர்மையைக் குறைக்க வேண்டும்.

மார்ச் 15, ஞாயிறு

ஆராதனை முடிந்து சர்ச் பக்கத்து ஹாலில் சோதனை. கொயரிலிருந்து எட்டுப் பேர் வந்தார்கள். டீ, கேக் என் செலவு. கேக் கொடுத்தது தப்பு என்று பிறகு தெரிந்தது.

கவனித்தவை:
- ஆரம்பிக்கும் முன் ஜெபம். என் லேப்டாப்புக்கும் சேர்த்து.
- ஒருவருக்கு ஒரு போன், ஒரு ஹெட்போன் என்று வடிவமைத்தேன். இவர்கள் ஒரு போனை நடுவில் வைத்து நாலு பேர் சுற்றி நிற்கிறார்கள்.
- எல்லாரும் எழுந்து நின்றுதான் பாடுவார்கள். போனைப் பாட்டுப் புத்தகம் மாதிரி நீட்டிப் பிடிக்கிறார்கள். மைக்குக்குப் பாதி காதில் விழவில்லை.
- டெனர் பட்டையை அமர்த்தியதும் ஒரு டெனர் அண்ணனுக்குக் கோபம். "எங்க குரல மட்டும் ஏன் அடைக்கீங்க?"
- எதைக் கேட்டாலும் "நல்லாயிருக்கு."

அந்த "நல்லாயிருக்கு"தான் பெரிய தலைவலி. பாஸ் பாடுகிற ஒரு மாமா பட்டனைத் தேடித் தேடி வேறு எங்கெங்கோ அமுக்கினார். எது கஷ்டமாக இருந்தது என்று கேட்டேன். "ஒண்ணுமில்லம்மா, நல்லாத்தான் இருக்கு. எம் வெரலுதான் தடி." நம்ம ஊர்ப் பிள்ளை, கேக் வேறு வாங்கிக் கொடுத்திருக்கிறது, எப்படிக் குறை சொல்வது?

பிறகு ஒரு யோசனை. "இதை நான் செய்யலை, சென்னையில யாரோ செஞ்சது" என்று ஒரு பொய் விட்டேன்.

"அப்பமே நெனச்சேன்!" என்றார் அதே மாமா. அதற்குப் பிறகு கால் மணி நேரம் என்னால் எழுதிச் சமாளிக்க முடியவில்லை. எழுத்து சிறிசு. பட்டன் ஒளிஞ்சு கிடக்கு. கலரு கண்ணைக் குத்துது. செஞ்சவனுக்குப் பாட்டுன்னா என்னன்னே தெரியாது. கடைசிக் குறை மனதைக் கொஞ்சம் தைத்தது, ஆனால் உண்மை.

ஜெபா டூட்டி. வரவில்லை.

மார்ச் 18, புதன்

மூன்று நாளாக ஜெபா தளத்தில் விழுந்து கிடக்கிறாள். முதல் நாள் ஐம்பத்து நாலு மார்க். நேற்று எழுபத்தொன்று. புளியங்குடி பஸ்ஸில் எலுமிச்சை மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து படிக்கிறாளாம். சத்தமாகப் பாட முடியாது, வாய்க்குள்ளேயே முணுமுணுத்திருக்கிறாள். தளம் சுழி போட்டுவிட்டது. போனில் என்னைத் திட்டினாள்.

"பஸ்சுல கத்திப் பாடுனா எறக்கி விட்ருவாம்ட்டி. ஒன் கம்ப்யூட்டருக்கு அது தெரியாண்டாமா?"

நியாயம். 'மார்க் இல்லாமல் கேட்க மட்டும்' என்று ஒரு பட்டன் வேண்டும். எழுதி வைத்தேன்.

பால்காரருக்குச் சொல்ல வேண்டும், நாளையிலிருந்து அரை லிட்டர் கூட. மைக் ஒயர் எபனேசர் அண்ணாச்சி கடையிலேயே வாங்கலாம்.

மார்ச் 20, வெள்ளி

தொண்ணூற்றாறு! கோடு முழுக்கப் பச்சை. ஸ்கிரீன்ஷாட் அனுப்பினாள். கூடவே ஆடுகிற பொம்மை ஒன்று. நான் அதை விவேக்குக்கு அனுப்பினேன். அவர் அதைக் கிளையண்டுக்கு அனுப்பினார். நான் இன்று பெரிய ஆள்.

சாயங்காலம் வந்து மாடியில் பாடிக் காட்டினாள். தறியை நிறுத்தச் சொன்னேன், அவரும் நிறுத்திவிட்டு வந்து கேட்டார். பாட்டு எனக்குப் புரியாத ஒரு துக்கத்தில் இருந்தது. ஆல்ட்டோ தனியாகக் கேட்டால் ராகமாகவே இல்லை, ஏதோ சுவர் ஓரமாக நடக்கிற மாதிரி இருக்கிறது. ஆனால் அசையாமல் நடக்கிறாள்.

நாளை பிராக்டிஸ். டூட்டி மாற்றி வாங்கிவிட்டாள்.

மார்ச் 21, சனி

எழுதவே பிடிக்கவில்லை.

ஜன்னல் கட்டையில் போனை வைத்துப் பதிவு செய்துகொண்டு ஓரமாக உட்கார்ந்திருந்தேன். அண்ணாச்சி சுருதி ஊதலை ஒரு தடவை ஊதினார், அவ்வளவுதான். முதல் சரணம் அருமை. ஜெபா என்னைப் பார்த்துக் கண்ணால் சிரித்தாள். இரண்டாவதும் அப்படியே. நாலாவதில் ஏதோ உரசியது. எனக்கே தெரிந்தது. ஐந்தாவதில் அண்ணாச்சி கையைத் தூக்கி நிறுத்திவிட்டார்.

"ஆல்ட்டோல யாரோ மேல போறாவ."

திரும்ப முதலிலிருந்து. திரும்பவும் அதே இடம். ஆல்ட்டோ நாலு பேரையும் டெனர், பாஸோடு நிறுத்திப் பாட வைத்துக் கேட்டார். முன்னால் குனிந்து, காதைக் கொடுத்து. ஜெபா முன்னால் வந்ததும் நின்றார்.

"ஜெபா, நீதான்மா. எல்லாரும் ஒரு பக்கம் போனா நீ ஒரு பக்கம் போற."

"இல்ல அண்ணாச்சி. நான் சரியாத்தான்..."

பக்கத்து ஆல்ட்டோ தன் புத்தகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. அண்ணாச்சி சத்தம் போட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. மெதுவாகச் சொன்னார்: "வீட்டுல தனியா படிச்சா இப்படித்தான் வரும். ஒம் மேல தப்பில்ல."

அப்படியென்றால் யார் மேல் தப்பு? ஜன்னல் ஓரமாக உட்கார்ந்திருந்தவள் மேல்.

கடைசி வாய்ப்பு, அடுத்த சனி, 28. அதையும் ஜெபா கேட்கவில்லை, நான் எழுந்து போய்க் கேட்டேன். திரும்பும்போது ஜெபா என்னோடு வரவில்லை. "மாமியாருக்கு மாத்திர வாங்கணும்" என்று எதிர்ப்பக்கம் போனாள். மருந்துக்கடை எங்கள் தெருவில்தான் இருக்கிறது.

மார்ச் 22, ஞாயிறு

காலையிலிருந்து அந்தப் பதிவைத் திரும்பத் திரும்பக் கேட்கிறேன். இட்லி தீய்ந்தது.

கண்டுபிடித்துவிட்டேன். ஜெபா மேலே போகவே இல்லை! கொயர்தான் கீழே இறங்குகிறது. மொத்தமாக, எல்லாரும் சேர்ந்து, யாருக்கும் தெரியாமல். முதல் சரணத்தையும் ஐந்தாவதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் போட்டால் கிட்டத்தட்ட அரைச் சுருதி வித்தியாசம். பிடித்துக்கொள்ள கீபோர்டு இல்லை. ஒருவர் களைத்து ஒரு நூல் இறங்கினால் பக்கத்து ஆள் அவரைக் கேட்டு இறங்குகிறார். இணையத்தில் தேடினேன், உலகம் முழுக்க வாத்தியம் இல்லாமல் பாடுகிறவர்களுக்கு நடப்பதுதானாம்.

ஜெபா மட்டும் ஆணி அடித்த மாதிரி முதல் சுருதியிலேயே நிற்கிறாள். களைக்காத என் கம்ப்யூட்டர் குரலோடு படித்தவள் அல்லவா? அவள்தான் சரி. இருபது பேரும் தப்பு.

படமாக வரைந்துவிட்டேன். கொயர் சிவப்புக் கோடு, சரிவு மாதிரி இறங்குகிறது. ஜெபா பச்சைக் கோடு, ஸ்கேல் வைத்துப் போட்டது போல நேராக. அண்ணாச்சி முகத்துக்கு நேரே காட்டப்போகிறேன். நேற்று அவள் முகத்தைப் பார்த்த எனக்கு இதைக் காட்டாமல் தூக்கம் வராது.

முதலில் அவளுக்கு.

மார்ச் 23, திங்கள்

ஜெபா டூட்டிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். படத்தை நீட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தாள். பச்சைக் கோட்டின் மேல் விரலை வைத்து முழுக்கத் தடவினாள். சிரித்தாள். எனக்கு அப்பாடா என்றிருந்தது.

"நான் சரியாத்தான் பாடிருக்கேன் என்னட்டி."

"பின்ன? நாளைக்கே அண்ணாச்சிட்டக் காட்டுதேன்."

"காட்டாத."

எனக்குப் புரியவில்லை. அவர் நம்பமாட்டார் என்று பயப்படுகிறாள் என நினைத்து, கணக்கெல்லாம் எடுத்துச் சொன்னேன். தலைமுடியை வாரிக்கொண்டே கேட்டாள்.

"நீ நிரூவிச்சிருவ. எனக்குத் தெரியும். அண்ணாச்சியும் ஒத்துக்கிடுவாவ. பெறவு என்ன செய்ய? அந்த இருவது பேரையும் ஒன் கம்ப்யூட்டர் முன்னாடி நிப்பாட்டி ஏத்தப் போறியா? பெரிய வெள்ளிக்கு பத்து நாளுதான் கெடக்கு. எல்லாருக்கும் பயம் வந்துரும். பயந்தா தொண்ட இன்னும் எறங்கும்."

"அப்ப நீ மட்டும் ஏன் அவமானப்படணும்?"

"நான் சரியா இருக்கதுக்கா அங்கன போறேன்? சேந்து பாடதுக்குப் போறேன். அவிய எறங்குனா நானும் எறங்கணும். அத எனக்குப் படிச்சுக் குடு. ஒன் கம்ப்யூட்டருக்குத் தெரிஞ்சா சொல்லு."

பஸ் வந்துவிட்டது, ஓடிவிட்டாள். எனக்கு வந்த கோபம் பகல் முழுக்கத் தணியவில்லை. சரியாகச் செய்தவளைத் தப்பாகச் செய்யப் பழக்குவதா? இப்போதும் முழுக்க ஒப்பவில்லை. ஆனால் அங்கே நிற்கப்போவது அவள், நான் இல்லை.

படத்தை அண்ணாச்சிக்கு அனுப்பவில்லை.

மார்ச் 24, செவ்வாய்

விவேக்கோடு மீட்டிங். மார்க்கை எடுத்துவிடலாம் என்றேன். ஆள் ஆடிப்போய்விட்டார்.

"கோமதி, ஸ்கோர்தான் கிளையண்டுக்கு ஹைலைட்டே. யூசர்ஸுக்கும் பிடிச்சிருக்கு."

பொய் இல்லை. கொயர் டெனர் பையன்கள் மார்க்குக்குப் பந்தயமே வைக்கிறார்கள். ஆனால் நான் விடவில்லை. சேர்ந்து பாடுகிறவர்களுக்கு நாம் தனியாகப் பாடக் கற்றுக்கொடுக்கிறோம், பக்கத்து ஆளைக் கேட்காமல் கோட்டை மட்டும் பார்க்கப் பழக்குகிறோம் என்றேன். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. கீழே தறியும் அந்த நேரம் பார்த்து.

"உங்களுக்கு யாரோ பர்சனலா தெரிஞ்சவங்களா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

முடிவு: மார்க் இருக்கும். மறைக்க ஒரு பட்டன் உண்டு. அமைப்புகள் பக்கத்தில், உள்ளுக்குள்ளே, மூன்றாவது இடத்தில். 'உங்கள் குழுவின் பதிவோடு பாடுங்கள்' என்று ஒன்று சோதனைக்காக வைத்துக்கொள்ளலாம், வேலையை நானே என் நேரத்தில் செய்ய வேண்டும். செய்கிறேன்.

மார்ச் 25, புதன்

கொயரின் முழுப் பதிவு வேண்டும், ஆறு சரணமும், இறங்குகிறபடியே. அண்ணாச்சியிடம் தயங்கித் தயங்கிக் கேட்டால், அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இன்று பிராக்டிசுக்கு இஸ்திரி போட்ட சட்டையில் வந்தார். வீடியோ இல்லை, குரல் மட்டும்தான் என்றேன். "இருந்தாலும்மா" என்றார். தன் கடை மைக்கையே கொண்டுவந்து மாட்டியும் கொடுத்தார்.

பாடினார்கள். இறங்கினார்கள். கேட்டுக்கொண்டே இருந்தால் இறங்குவது தெரியவில்லை. அழகாக வேறு இருந்தது. ஜெபா இல்லாமல்.

முடிந்ததும் அண்ணாச்சி நெற்றியைத் துடைத்துக்கொண்டு வந்தார். "எப்படிம்மா, சுருதி சேந்து இருந்துதா?"

போனில் அந்தப் படம் இருக்கிறது. கை பையை ஒரு தடவை தொட்டது.

"நல்லாயிருக்கு அண்ணாச்சி."

மார்ச் 27, வெள்ளி

மாடியில் நேற்றும் இன்றும் ஜெபாவோடு. மார்க்கை மறைத்தாகிவிட்டது. கொயர் பதிவு ஓடும், அதோடு இவள் பாட வேண்டும்.

நேற்று பரிதாபம். மூன்றாம் சரணத்தில் கழுத்து நரம்பு புடைக்க எதிர்த்து நிற்கிறாள். உடம்பு இறங்க மறுக்கிறது. "கைப்பிடிய விடச் சொல்லுத மாரி இருக்குட்டி" என்றாள். நான் செய்த பயிற்சி அவ்வளவு நன்றாக வேலை செய்திருக்கிறது. எனக்கு அழுகையாக வந்தது.

இன்று ஹெட்போனைக் கழற்றினாள். போனைக் காலி எவர்சில்வர் தூக்குவாளிக்குள் போட்டாள், சத்தம் மாடி முழுக்கப் பரவியது. திரையைக் கவிழ்த்துப் போட்டுவிட்டாள். மூன்று வாரமாக நான் உட்கார்ந்து செய்த திரை, தூக்குவாளிக்குள் குப்புறக் கிடக்கிறது. கண்ணை மூடிக்கொண்டு வாளிப் பக்கமாகச் சாய்ந்து பாடினாள். கொஞ்சம் சின்னக் குரலில், பக்கத்து ஆளுக்கு இடம் விட்டு.

இறங்கினாள். நாலாவதில் கொஞ்சம் தடுக்கி, பிறகு அவர்களோடு போய்விட்டாள். ஆறாவது முடிந்தபோது கண்ணைத் திறக்காமலே கேட்டாள்: "சேந்துட்டா?"

சேர்ந்திருந்தது. கீழே தறி ஓடிக்கொண்டிருந்ததைக்கூட நான் மறந்துபோயிருந்தேன்.

மார்ச் 28, சனி

பிராக்டிஸ். நான் போகவில்லை. போனால் அவளுக்குப் படபடப்பாகும். முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டே போனைப் பார்த்தபடி இருந்தேன், காம்பும் இலையும் சேர்ந்தே சட்டிக்குள் போயின.

எட்டு மணிக்கு வந்தாள். நன்றாகத்தான் போனதாம். ஐந்தாம் சரணத்தில் பயந்து ஓர் இடத்தில் நிறுத்திவிட்டாளாம், ஒரே ஓர் இடம். அண்ணாச்சி எல்லாரும் போன பிறகு கூப்பிட்டுச் சொல்லியிருக்கிறார்: "நில்லும்மா. வேண்டாங்கல. ஆனா அன்னைக்கு சந்தேகமா இருந்துதுன்னா பாடாண்டாம், வாய மட்டும் அசைச்சுக்கோ."

இரக்கத்தில் சொன்னதுதான். அதுதான் குத்துகிறது.

"வாய அசைக்கவா நான் இவ்வளவு பாடுபட்டேன்" என்றாள். அழவில்லை. கீரைக் கூட்டை எடுத்துப் போட்டு என் வீட்டுச் சோற்றை ஒரு கை பார்த்தாள். காம்பெல்லாம் கிடக்கு என்று திட்டினாள்.

ஏப்ரல் 1, புதன்

கரண்ட் இல்லை, பகல் முழுக்க. தறி நின்றால் காது இரைகிறது.

விவேக் கூப்பிட்டார். கிளையண்டுக்குத் தளம் பிடித்துவிட்டது. 'குழுவின் பதிவோடு பாடுங்கள்' என்பதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. சரி.

ஜெபாவிடம் கேட்டேன், பாடுவாயா, வாயசைப்பாயா என்று. "அன்னைக்கு நின்னாத்தான்ட்டி தெரியும்" என்றாள். டூட்டிக்குப் போய்விட்டாள்.

ஏப்ரல் 3, பெரிய வெள்ளி

முதல் தடவையாக அந்த சர்ச்சுக்குள். பின் வரிசை, பெண்கள் பக்கம். எல்லாரும் வெள்ளைச் சேலை, நான் ஒருத்திதான் மாம்பழ மஞ்சள். ஜெபா சொல்லவே இல்லை, பாவி. யாரும் ஒன்றும் நினைக்கவில்லை. பக்கத்து அம்மா தள்ளி உட்கார்ந்து இடம் கொடுத்து, தன் பாட்டுப் புத்தகத்தையும் என் பக்கமாக நகர்த்தினார்.

உச்சி வெயில். விசிறி காற்றையே கிண்டிக்கொண்டிருந்தது. கீபோர்டு மேல் கறுப்பு உறை. பிரசங்கம் நீண்டது. எனக்குப் பாதி புரிந்தது. என் கண் கொயர் மேலேயே இருந்தது. இரண்டாம் வரிசையில் ஜெபா, கையில் புத்தகம், முகம் கல்லாக.

கொயர் எழுந்தது. ஊதல் ஒரு தடவை.

முதல் சரணம். அவள் வாய் அசைகிறது. அவள் குரலைத் தேடினேன். பத்து வயதிலிருந்து கேட்கிற குரல், எங்கே இருந்தாலும் பிடித்துவிடுவேன். கிடைக்கவில்லை. இரண்டாவது, மூன்றாவது. வாய் அசைகிறது, குரல் இல்லை. நாலாவதிலும் அப்படியே. வாயைத்தான் அசைக்கிறாள் என்று முடிவே கட்டிவிட்டேன். அண்ணாச்சி சொன்னது போலச் செய்துவிட்டாள். கண்ணில் தண்ணீர் வந்தது. பக்கத்து அம்மா பாட்டுக்காக அழுகிறேன் என்று நினைத்து என் முழங்காலைத் தட்டிக்கொடுத்தார்.

கடைசிச் சரணத்தில் பாஸ் மாமாக்கள் அடிக்குரலைத் தேடித் துழாவினார்கள். நன்றாகவே இறங்கியிருக்கிறார்கள். ஆனால் ஓர் உரசல் இல்லை. அண்ணாச்சி கையை மெதுவாக மூடினார். மொத்த சர்ச்சும் சத்தமில்லாமல் உட்கார்ந்திருந்தது.

மூன்று மணிக்கு வெளியே வேப்பமரத்தடியில் காத்திருந்தேன். வேர்த்து விறுவிறுத்து வந்தாள்.

"பாடுனியாட்டி, வாய அசைச்சியா?"

"பாடுனேன்." தொண்டை கட்டிப்போயிருந்தது. "ஆறு சரணமும். ஏன், ஒனக்குக் கேக்கலையா?"

"இல்லட்டி. எவ்வளவு தேடுனேன். ஒரு எடத்துலகூட ஒன் குரல் கேக்கல."

கண்ணை விரித்து என்னையே பார்த்தாள். "நெசமாவா?"

"சத்தியமா."

கையில் எடுத்த செருப்பைக் கீழே போட்டுவிட்டு, அத்தனை பேர் முன்னால் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள்.